பிடித்ததைச் சாப்பிடச் சொன்னாள்

நவம்பர் மாதம், முதல் பனி விழுந்த வாரம்

அன்பு மிகுந்த லெம்பி அக்காவுக்கு, உன் தம்பி ஆர்வோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் இர்மாவும் சுகம். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே ஃப்ளோரிடாவில் உன் முழங்கால், உன் குளியலறையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பல்லி, அத்தான் புதிதாக வாங்கிய பூப்போட்ட அரைக்கால் சட்டைகள் எல்லாம் நலம்தானே? அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சட்டைகளின் புகைப்படம் கிடைத்தது. இர்மா அதை அலமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

நிற்க. மே மாதம் நான் எதற்காக என் அக்கார்டியனைக் கம்பளியில் சுற்றி, "வாசிக்கும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள்" என்று சீட்டு எழுதி உனக்கு அனுப்பினேன் என்று போன வாரம் போனில் கேட்டாய். "சும்மாதான்" என்றேன். சும்மா இல்லை. இர்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் திருத்திக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை, அதனால் இந்தக் கடிதம். அக்கார்டியன் உன்னிடமே இருக்கட்டும். இந்த வருஷம் நடந்த காரியங்களிலேயே உருப்படியானது அது வீட்டை விட்டுப் போனதுதான் என்பது இர்மாவின் அபிப்பிராயம்.

பத்தியம் என்ற விஷயத்தில் உன் தம்பி கற்றுக்குட்டி இல்லை என்பது உனக்கே தெரியும். முட்டைக்கோஸ் சூப் பத்தியம் இருந்தேன். வீடு நாறி, பூனை எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பம்ப்ளிமாஸ் பத்தியம் இருந்தேன். அப்போது நான் ஓட்டிய பனி தள்ளும் வண்டியின் ஸ்டியரிங் முழுக்கப் புளித்த சாறு வழிந்து, கையைப் பிரித்தெடுக்கச் சுடுதண்ணீர் வேண்டியிருந்தது. வெறும் இறைச்சிப் பத்தியம் இருந்தேன். அதில் ஒரு வாரம் போவதற்குள் கனவில் ஒரு முழு ரொட்டி வந்து என் பெயரைச் சொல்லி அழுதது. ஒவ்வொரு தடவையும் எடை போகும், நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். போன எடை தனியாகத் திரும்பி வருமா? மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து என் இடுப்பில் குடியேறும். நான் சாலைத்துறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் பரிசாகக் கொடுத்த பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கும் எனக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. அதை விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டிய அத்தானை நான் மன்னித்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் கிளினிக்குக் கூப்பிட்டார்கள். நம் ஊர் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து கொலெட் லவ்வா என்கிற நர்ஸ்தான் எல்லோரையும் பார்க்கிறாள். கண்டிப்புக்காரி. போன முறை என்னைப் பார்த்து, "உங்க பாக்கெட்டில டோனட் இருக்கு, மூச்சு விடும்போது தூள் பறக்குது" என்றவள். ஆகவே இந்தத் தடவை எதை எதையெல்லாம் விடச் சொல்வாளோ எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். சர்க்கரை ஏறியிருக்கிறது என்றாள். பிறகு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, அவள் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"ஆர்வோ, இனிமே உங்களுக்கு டயட்டே வேணாம்."

"வேணாமா?"

"வேணாம். போதும், நீங்க பட்டது. பிடிச்சதைச் சாப்பிடுங்க. நிதானமா, ருசிச்சு, இர்மாகூட உக்காந்து சாப்பிடுங்க. வெளியே போங்க, நாலு பேரைப் பாருங்க. நல்லா தூங்குங்க. மூணு மாசம்…"

அதற்கு மேல் அவள் என்னென்னவோ பேசினாள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. நம் வில்ஹோ மாமாவுக்கு டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அவர் பிரியப்பட்டதைக் கொடுங்க, தடுக்காதீங்க." வியாழக்கிழமை சொன்னார். அடுத்த வியாழக்கிழமை நாமெல்லோரும் கறுப்புடையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நர்ஸ், அதிலும் கொலெட், ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத கண்ணோடு பிடித்ததைச் சாப்பிடு என்று சொன்னால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? எனக்கு மூன்று மாசம். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா, நீ மனசைத் தளர விடாதே" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் இர்மா, "என்ன சொன்னா?" என்றாள். "பிடிச்சதைச் சாப்பிடச் சொன்னா" என்றேன். "அவளும் உங்களைக் கை கழுவிட்டாளா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் எனக்கு எப்படி வாய் வரும்? கடைசி நாள்வரை இவளுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன்.

முதல் காரியமாக, பிடித்ததைச் சாப்பிடுவது என்று கிளம்பினேன். பேக்கரியில் ஒரு பெட்டி நிறைய டோனட் வாங்கிக்கொண்டு, என் பிக்கப் லாரியை ஏரிக்கரையில் நிறுத்தி, பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். வாழ்நாள் முழுக்க இதை நான் வண்டி ஓட்டிக்கொண்டே தின்றிருக்கிறேன். பெட்டி காலியானது தெரியாமல் கை உள்ளே போய்த் துழாவும். அன்றைக்கு அப்படி இல்லை. சாகப் போகிறவனுக்கு என்ன அவசரம்? முதல் டோனட்டை அரைக் கண் மூடிக்கொண்டு மெல்ல மென்றேன். அக்கா, அதில் ஜாதிக்காய் போடுகிறார்கள்! உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இரண்டாவதைத் தின்றேன், முதலாவதில் இருந்த ருசியில் பாதிதான் இருந்தது. இது என்ன வேடிக்கை, ஒரே சட்டியில் பொரித்ததுதானே என்று மூன்றாவதையும் கடித்தேன். எண்ணெயில் நனைத்த பஞ்சு. பேக்கரிக்காரன் ஏமாற்றுகிறானோ என்று மறுநாள் போய், கீழ் வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். அன்றும் அதேதான். முதலாவது அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது பஞ்சு. மிச்சத்தைச் சாலைத்துறைப் பையன்களிடம் கொடுத்துவிட்டேன். சாகும் தறுவாயில் ஒருத்தன் என்னென்னவோ ஆராய்வான் என்பார்கள். நான் இதைத்தான் ஆராய்ந்தேன். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இதே கதைதான், பன்றி இறைச்சிக்கும் இதே கதைதான். காபிக்கு மட்டும் இல்லை.

அடுத்து, என் உடைமைகளை உரியவர்களிடம் சேர்ப்பிக்கத் தொடங்கினேன். அக்கார்டியன் உனக்கு. லாரி, பக்கத்து வீட்டு க்ளைட் ட்ரெவாரோவுக்கு. அவன் லாரி துருப்பிடித்து, நடுத்தெருவில் அடித்தட்டு கழன்று விழுந்துவிட்டது. மனைவி போனபின் தனியாள். இந்த மேட்டில் வண்டி இல்லாமல் அவன் எங்கே போவான்? சாவியைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"எதுக்குடா?" என்றான் க்ளைட்.

"வச்சுக்கோ. எனக்கு இனிமே தேவைப்படாது."

"இஞ்சின்ல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல."

"பிரேக்?"

"புதுசு."

க்ளைட் வாசலுக்கு வந்து லாரியை ஒரு சுற்று சுற்றினான். குனிந்து முன்பக்க பம்பரைத் தடவிப் பார்த்தான். பிறகு என் காதருகே வந்து, "யாரை இடிச்சே? உண்மையைச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். ஒரு மானைக்கூட இடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவன் நம்பாமல் அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கிறான். மெக்கானிக், "நல்ல வண்டி, ஓனருக்குத்தான் எங்கேயோ கழண்டிருக்கு" என்றானாம். இர்மாவிடம், க்ளைட்டுக்குக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

லாரி போனபின்தான் தெரிந்தது, தபால் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று. இர்மாவின் கார் அவளோடு அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். நடந்து போனேன். மேட்டில் மூன்று இடத்தில் நின்றேன். முன்பெல்லாம் மூச்சு வாங்கினால் பயந்து திரும்பிவிடுவேன்; இப்போது, போகப் போகிற மூச்சு இங்கே போனால் என்ன அங்கே போனால் என்ன என்று ஏறினேன். தபால் ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அங்கே போனபின்தான் ஞாபகம் வந்தது. ஆனால் வழியில் ஒன்று பார்த்தேன். பழைய சுரங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஓடை சத்தம் போட்டுக்கொண்டு போகிறது. காலமெல்லாம் அந்தத் தெருவில் பனி தள்ளியிருக்கிறேன், என் பனியையெல்லாம் நான் ஓடையின் தலையில்தான் கொட்டியிருக்கிறேன், ஓடை இருப்பதே தெரியாது! அது எங்கே போகிறது என்று மறுநாள் கூடவே நடந்து பார்த்தேன். ஏரிக்குத்தான் போகிறது. வேறெங்கே போகும் என்று நீ கேட்பாய். பார்த்தபின்தானே தெரிந்தது? அதற்கு மறுநாள், அது எங்கிருந்து வருகிறது என்று மேல்பக்கமாக நடந்தேன். இப்படியே தினம் ஏதாவது ஒன்று. ஒரு மாசத்தில் மேட்டில் ஒரு இடத்தில்தான் நின்றேன், அதுவும் நாய் குறுக்கே வந்ததால்.

இதற்கிடையில் க்ளைட்டின் தொல்லை. ஓசியில் எதையும் வாங்கிப் பழக்கமில்லாத வம்சம் அது. லாரிக்கு என்ன பதில் செய்வது என்று தவித்து, தோட்டத்தில் விளைகிறதையெல்லாம் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேடையில் கொட்ட ஆரம்பித்தான். கீரை, பீன்ஸ், பீட்ரூட், பட்டாணி. "இந்தாளு எதுக்கு தினம் கீரைக்கட்டோட வந்து நிக்கிறாரு? நாம என்ன முயல் வளக்கிறோமா?" என்று இர்மா கேட்டாள். வந்ததை வீணாக்குகிறவள் இல்லை அவள். சூப்பில் போட்டாள், முட்டையில் போட்டாள், சனிக்கிழமை மாவைத் தேய்த்துச் சுடும் பேஸ்ட்டிக்குள் இறைச்சியோடு சேர்த்து வைத்து மூடினாள். பேஸ்ட்டியில் கேரட் வைப்பதா, டர்னிப் வைப்பதா என்று க்ளைட் எங்கள் அடுப்படியில் நின்று அவளோடு சண்டைக்குப் போய்விட்டான். "கேரட் வச்சா அது பேஸ்ட்டி இல்ல, குழந்தைச் சாப்பாடு" என்றான். "டர்னிப்பைத் திங்கிறதுக்கு உங்க தாத்தா சுரங்கத்துக்குள்ள இருட்டுல உக்காந்தாரு. வெளிச்சத்தில யாரும் திங்க மாட்டாங்க" என்றாள் இவள். நான் இரண்டு வகையையும் தின்று பார்த்தேன். இரண்டிலும் முதல் பாதிதான் சுகம். மீதியை மூடி வைத்தேன். தட்டில் நான் மீதி வைத்ததை இர்மா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் விழுந்திருக்கிறது.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் நானே கொடுத்தேன். என்றைக்கும் நான் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தின்பேன். அவள் மேஜையில் தனியாகத் தின்பாள். இனி எத்தனை சாப்பாடோ என்று நான் மேஜைக்கு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"என்ன பார்வை? பல்லுல கீரை ஒட்டியிருக்கா?"

"இல்லை. உன் இடது புருவத்தில ஒரு தழும்பு இருக்கே, எப்படி வந்தது?"

"எத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க!" என்றாள். ஆனால் சொன்னாள். சின்ன வயதில் தன் அண்ணனைப் பனிச்சறுக்குப் பலகையில் துரத்தி, கோழிக்கூண்டுக்குள் போய் விழுந்திருக்கிறாள். அந்தக் கதை முடிய ஒரு மணி நேரம் ஆனது. சாப்பாடு ஆறிப்போனது. ஆறினால் யாருக்கு இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளத் தோன்றும்? மறுநாள் அவள் பள்ளிக்கூடத்து ஆபீஸ் கதை, அதற்கு மறுநாள் அவள் அம்மா கதை. இவ்வளவு சுவாரசியமான பெண்பிள்ளை இத்தனை காலம் என் சமையலறையில் உட்கார்ந்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூலையில் பெல்ட் தளர்ந்தது. நான் பயந்தேன். உடம்பு உருக ஆரம்பித்துவிட்டது, வியாதி வேலை செய்கிறது என்று ஆணியைப் பழுக்கக் காய்ச்சி பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். கொல்லையில் ஒளிந்துகொண்டு போட்டேன். அதை இர்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். வயிறு குறைகிறது, ராத்திரி சீக்கிரம் படுத்துக் குழந்தை போலத் தூங்குகிறான், காலையில் எங்கேயோ நடந்து போகிறான், என்றைக்கும் இல்லாமல் பிரியமாகப் பேசுகிறான், ஒளிந்து பெல்ட்டைச் சரிசெய்கிறான். இதற்கு ஒரு பெண்டாட்டி என்ன அர்த்தம் செய்துகொள்வாள்? நேரே க்ளைட்டிடம் போய், "யாரு அவ?" என்று கேட்டிருக்கிறாள். க்ளைட் நிதானமாக யோசித்து, "பொம்பளை விவகாரமா இருக்காது இர்மா. பொம்பளைன்னா வண்டி வேணுமே" என்றானாம். அவன் வேலியோரம் நின்று எனக்கு இதையெல்லாம் ஒப்பித்தபோது நான் சிரித்துவிட்டு வந்தேன்.

கொலெட் சொன்ன மூன்று மாசம் முடிந்தது. நான் சாகவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை, ஆனால் ஆச்சரியமாக இருந்தது. தினமும் காலையில் கண் விழித்துப் படுக்கையிலேயே கொஞ்ச நேரம் உடம்பின் ஒவ்வொரு இடமாக விசாரிப்பேன். எங்கேயும் வலி இல்லை. முன்பு வலித்த முழங்கால் கூட வலிக்கவில்லை. சாவுக்கு முன்னால் விளக்குப் பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை, வழக்கம்போல் கொல்லையில் சவுனா குளியல் அறையில் உட்கார்ந்திருந்தோம். கல்லில் தண்ணீரை ஊற்றினேன், நீராவி எழுந்தது. இர்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேல் பலகையில் இருந்தாள். திடீரென்று, "சொல்லிடுங்க. நான் கத்த மாட்டேன்" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"அவ யாருன்னு. கல்யாணமானதிலேர்ந்து என்னை நிமிர்ந்து பாக்காத மனுஷன், நாளைக்கே எங்கேயோ போயிடப் போற மாதிரி பாக்கறீங்க. தட்டுல சோறு மிச்சம் வைக்கறீங்க. எங்க போகப் போறீங்க? யாரோட?"

அக்கா, அந்தச் சூட்டில் வேர்வையா கண்ணீரா என்று தெரியாது என்கிற தைரியத்தில் நான் அழுதேன். "யாரோடயும் இல்லை இர்மா. தனியாத்தான். செத்துப் போகப் போறேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பலகையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏப்ரலிலிருந்து நான் தூக்கிச் சுமந்ததை அவள் அந்த ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டது போல் முகம் கறுத்துவிட்டது. பிறகு எழுந்தாள். "எந்த வியாதி?"

"அது… கேக்கலையே."

"கேக்கலையா?"

"கையைப் பிடிச்சா. கண்ணு சிவந்திருந்தது. வில்ஹோ மாமாவுக்குச் சொன்ன மாதிரியே…"

"எழுந்திருங்க" என்றாள்.

கிளினிக் சனிக்கிழமை மூடியிருக்கும். ஆனால் சர்ச் கூடத்தில் அன்றைக்கு மீன் வறுவல் விருந்து, ஊரே அங்கேதான். இர்மா குளியல் அங்கியோடு, தலைத்துண்டோடு, காரை எடுத்தாள். நான் துண்டை இடுப்பில் சுற்றி, அதன் மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டேன். கூடத்துக்குள் நுழைந்தபோது ஊர் முழுக்க முள்ளை எடுப்பதை நிறுத்திவிட்டது. கொலெட் வரிசையில் தட்டோடு நின்றிருந்தாள். இர்மா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"என் புருஷனுக்கு இன்னும் எவ்வளவு நாள்?"

"எதுக்கு?" என்றாள் கொலெட்.

"சாகறதுக்கு!"

கொலெட் என்னைப் பார்த்தாள். மழைக்கோட்டைப் பார்த்தாள். "ஆர்வோ, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னேனே, ஏன் வரலை?" என்றாள்.

"வரச் சொன்னியா?"

"பின்னே? டயட் இருந்து இருந்துதான் உங்களுக்கு எடை ஏறிக்கிட்டே போகுது. அதனால எதையும் விட வேணாம், சாப்பிடுற விதத்தை மட்டும் மாத்திப் பாப்போம், மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுப்போம்னு அரைமணி நேரம் சொன்னேன். தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க!"

"நீ அழுதியே!"

"வில்லோ மரம் பூத்தா எனக்கு வருஷா வருஷம் கண்ணு அப்படித்தான் ஆகும்! போகும்போது மனசைத் தளர விடாதேன்னு நீங்கதான் எனக்கு ஆறுதல் சொன்னீங்க. மரத்துக்கான்னு யோசிச்சேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. க்ளைட் சிரித்ததில் மீன் துண்டு தட்டை விட்டுப் பறந்தது. இர்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மழைக்கோட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, "முட்டாள்" என்று சொன்னாள். அப்புறம் நாங்களும் வரிசையில் நின்று மீன் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் கொலெட் என்னைக் கூப்பிட்டு, அதை இரண்டு தடவை படித்தாள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது, ரத்த அழுத்தமும்.

"நிஜமா சொல்லுங்க, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. செத்துக்கிட்டிருந்தேன்."

இதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதே. எனக்கு உண்மையான பயம் அன்றைக்குத்தான் வந்தது. சாகப் போகிறவன் மேஜையில் உட்காருவான், நடப்பான், ருசிப்பான். பிழைத்துவிட்டவன்? ஒவ்வொரு பத்தியமும் முடிந்த மறுநாள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? அன்று மாலையே அது வந்தது. ஒரு பெரிய பை உருளைக்கிழங்கு வறுவலோடு நான் பழைய சாய்வு நாற்காலியில் சாய்ந்து டி.வி.யைப் போட்டேன். ஆகா, என்ன சுகம் என்று முதல் பிடியைத் தின்றேன். சமையலறையில் இர்மா மேஜையில் தட்டை வைக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு என்ன என்று இன்னும் ஒரு பிடி தின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் அவள் தன் தலைமையாசிரியரும் சமையற்காரியும் குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் போன் வந்து நின்றுவிட்டது. அவர்கள் வெளியே வந்தார்களா இல்லையா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போனேன்.

"வெளியே வந்தாங்களா?" என்றேன்.

"யாரு?"

"தலைமையாசிரியர்!"

அவள் திரும்பிக்கொண்டு அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள். எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. முகத்தை எனக்குக் காட்டவில்லை. வறுவல் பையை மேஜை நடுவில் வைத்து இருவரும் தின்றோம். அதைத் தூக்கி எறியவில்லை, பூட்டி வைக்கவும் இல்லை. பாதியில் போதும் என்று பட்டது, மடித்து வைத்தோம்.

லாரியைத் திருப்பிக் கேட்கவும் போனேன். "செத்துப் போறேன்னு கொடுத்துட்டு, உயிரோட வந்து கேக்கறியே, வெக்கமா இல்லை?" என்றான் க்ளைட். கடைசியில், பெரிய சாமான் வாங்கப் போகும் நாட்களில் இருவரும் சேர்ந்து போவதென்று பஞ்சாயத்து ஆனது. மற்ற நாட்களில் நான் நடக்கிறேன். எல்லா நாளும் நடக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மழையில் போகவில்லை. செப்டம்பரில் இர்மா தங்கை மகள் கல்யாணத்தில் கேக்கை மூன்று தடவை போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவையும் நன்றாகத்தான் இருந்தது, அதற்கு என்ன காரணம் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் அதற்காகப் பட்டினி கிடக்கவும் இல்லை. வழக்கம்போல் கஞ்சி குடித்துவிட்டு ஓடைப்பக்கம் போனேன். போன வாரம் கொலெட் மறுபடி ரத்தம் எடுத்தாள். இறங்கினது ஏறவில்லை. எடைத் தராசில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. போன எடை கொஞ்சம்தான், ஆனால் இன்றுவரை அது சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பவில்லை. இப்போது பனி விழுந்துவிட்டது. பனிக்காலத்தில் ஓடை உறையும்போது சத்தம் எப்படி இருக்கும், ஒரே நாளில் நின்றுவிடுமா, மெல்ல மெல்ல நிற்குமா? இத்தனை வயதில் எனக்குத் தெரியாது. தினம் போய்ப் பார்க்கிறேன்.

ஆகவே அக்கா, நீ வாழைப்பழமும் வெந்நீரும் மட்டும் என்று ஒரு பத்தியம் தொடங்கியிருப்பதாகச் சொன்னாயே, அதை விடு. பிடித்ததைச் சாப்பிடு. அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து, அவருக்கு ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று கேள். உனக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளும், நல்ல ஜீரணமும், பல்லி இல்லாத குளியலறையும் அருளட்டும். இர்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். க்ளைட், பேஸ்ட்டியில் நம் அம்மா கேரட் வைத்தது உண்மைதானா என்று எழுத்து மூலம் பதில் கேட்கிறான்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
ஆர்வோ கங்காஸ்

பின்குறிப்பு: இதைத் தபால் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சர்ச் மாதர் சங்கத் தலைவி வந்து, அடுத்த வியாழக்கிழமை "மன உறுதியால் உடம்பை வென்றவர்" என்ற தலைப்பில் நான் அரைமணி நேரம் பேச வேண்டும் என்றாள். மீன் வறுவல் அன்றைக்கு அவள் ஊரில் இல்லையாம். சுவரொட்டி அடித்துவிட்டார்கள், அதில் என் படத்துக்குக் கீழே "இரும்பு மனிதர்" என்று போட்டிருக்கிறது. பார்த்தேன், படம் நன்றாக வந்திருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டேன். தலைவியின் தங்கை உன் தெருவில்தான் இருக்கிறாளாம். ஆகையால் மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள். யாராவது கேட்டால், தம்பி தொட்டிலில் இருந்தபோதே பால் புட்டியைப் பாதியில் தள்ளிவிட்ட மன உறுதிக்காரன் என்று சொல். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு.